இருபத்தொரு நாள்

பழவேற்காடு என்றதும் பலருக்கும் பூநாரைகளே நினைவுக்கு வருகின்றன. மழை ஓய்ந்து ஏரியின் ஆழம் குறையத் தொடங்கும் நாள்களில், சென்னையிலிருந்து வந்து இறங்குவோர் படகுக்காரரிடம் முதலில் விசாரிப்பது அவற்றைத்தான். தொலைவில் இளஞ்சிவப்புக் கோடு கிழித்தாற்போல் அவை நிற்பதைக் கண்டுவிட்டால், வந்த காரியம் முடிந்தது என்று திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அது கண்கொள்ளாக் காட்சியே. ஆனால் பூநாரைகள் இந்த ஏரிக்கு விருந்தினர். உண்ண வருகின்றன, உண்டபின் போகின்றன. முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதற்குக் குஜராத்தின் கட்சு உப்புவெளி போன்ற இடங்களை நாடுகின்றன. கூழைக்கடாக்களும் இங்கே மீன் பிடிக்கின்றனவேயன்றி, அவை கூடமைப்பது ஆந்திரத்து நேலப்பட்டுக் குளத்தில் நிற்கும் மரங்களின்மேல்.

வந்த விருந்தினரைக் கவனிக்கும் மும்முரத்தில் வீட்டுப் பிள்ளையைக் கவனியாது விடுவது குடும்பங்களில் நேர்வதுண்டு. அவ்வாறே நம் கண்ணில் படாமல், நம் ஊர்க் குளங்களிலேயே குடும்பம் நடத்தும் சிறு பறவை ஒன்று உண்டு. முக்குளிப்பான் என்பது அதன் பெயர். பெயரே அதன் தொழிலைச் சொல்லிவிடுகிறது. புறாவைக் காட்டிலும் சிறியது. வால் இருக்கிறதா என்று ஐயுறத்தக்க உருண்டை உடல். இனம் பெருக்கும் காலத்தில் கன்னமும் கழுத்தும் செங்கல் நிறம் கொள்ளும். அலகின் அடியில் மஞ்சள் பொட்டு ஒன்று தோன்றும். ஆள் நடமாட்டம் தென்பட்டால் பறக்க நினையாது. சட்டென்று நீருக்குள் மறையும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் எழாமல், எதிர்பாராத மூலையில் தலை நீட்டும்.

இப்பறவையின் கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்திருக்கின்றன. நீருக்குள் துடுப்பாக உந்துவதற்கு அதைவிடச் சிறந்த அமைப்பு வேறில்லை. ஆனால் கரையேறினால் அதே கால்கள் அதற்குச் சுமையாகிவிடுகின்றன. நாலடி வைப்பதற்குள் தடுமாறுகிறது. ஆகவே கரையில் கூடு கட்ட அதனால் இயலாது. மரத்தில் கட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டா. நீரின் மேலேயே கட்டியாக வேண்டும். அல்லிக்கொடி, பாசி, அழுகிய கோரை ஆகியவற்றை அலகால் இழுத்து வந்து குவித்து, நின்றுகொண்டிருக்கும் கோரைத் தண்டுகளோடு பிணைத்து, ஒரு மிதவையை உண்டாக்குகிறது. பார்ப்பவர் அதைக் கூடென்று எண்ணமாட்டார்; காற்று ஒதுக்கிவிட்ட குப்பை என்றே எண்ணுவர். அதன் நடுவிலுள்ள ஈரப் பள்ளத்தில்தான் முட்டைகள். இட்டபோது வெண்மையாக இருப்பவை, சில நாள்களில் பாசியின் கறையேறிப் பழுப்பாகிவிடுகின்றன. கூட்டைவிட்டு இறங்க நேரும்போதெல்லாம் தாயோ தந்தையோ நாலைந்து பாசித் துணுக்குகளை அவசரமாக இழுத்து முட்டைகளை மூடிவிட்டே இறங்கும். இருவரும் மாறி மாறி அடைகாக்கின்றனர். குஞ்சு வெளிவர ஏறத்தாழ இருபத்தொரு நாள் ஆகும்.

நீர் மெல்ல உயர்ந்தால் கூடும் உயரும். மெல்லத் தாழ்ந்தால் அதுவும் தாழும். நீரின் இயல்பான மாற்றங்களுக்கு இப்பறவை அணியமாகவே இருக்கிறது. திடீர் மாற்றத்திற்கு மட்டும் அதனிடம் மறுமொழி இல்லை.

இவ்வியல்பு நம் முக்குளிப்பானுக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவின் குளிர்ந்த ஏரிகளில் லூன் என்னும் பெரிய நீர்ப்பறவை வாழ்கிறது. 1987 முதல் கனடா நாட்டின் ஒரு டாலர் நாணயத்தில் அதன் உருவம் பொறிக்கப்பட்டு வருகிறது. அங்கே குடியேறிய நம் உறவினர்கள் அந்நாணயத்தை நாள்தோறும் கையில் எடுக்கிறார்கள். அதற்கும் கால்கள் பின்கோடியில்தான். அதுவும் நீர் விளிம்பைவிட்டு அகன்று கூடமைக்க இயலாதது. அதுவும் குஞ்சுகளை முதுகில் சுமந்து திரிவது. அணைகளைத் திறப்பதாலும் மூடுவதாலும் நீர்மட்டம் சட்டென்று மாறும்போதும், விசைப்படகுகள் எழுப்பும் அலைகளாலும் அதன் முட்டைகள் பாழாகின்றன. அதனால் அங்குள்ளோர் சிறு மிதவைகளைக் கட்டி ஏரியில் நங்கூரமிட்டு, அவற்றின்மேல் லூன்கள் கூடமைக்க இடம் செய்து தருகின்றனர். மரபால் இவ்விரண்டும் நெருங்கிய உறவல்ல. ஆயினும் உலகின் இரு மூலைகளில் ஒரே இடரைச் சுமக்கும் உடன்பிறப்புகள் என்று சொல்லத் தோன்றுகிறது.

நாம் பணியாற்றும் குப்பத்திற்கு மேற்கே, வயல்வெளி தொடங்கும் இடத்தில், நன்னீர்க் குளம் ஒன்று இருக்கிறது. கிழக்கே உவர்நீர் ஏரி, அதற்கப்பால் கடல். மேற்கே இந்தக் குளம். ஊர்ப் பெண்கள் துணி துவைப்பதும், மாடுகள் நீர் அருந்துவதும் இதில்தான். இதில் வளரும் கெண்டை, விரால், ஜிலேபி மீன்களை ஆண்டுக்கொருமுறை ஊரார் ஏலம் விடுவர். அத்தொகை ஊர்ப் பொதுப்பணத்தில் சேரும். 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இக்குளத்தின் தென்பாதியில் மண்டியிருந்த கோரையின் நடுவே ஒரு முக்குளிப்பான் இணை கூடமைக்கக் கண்டோம். அன்று தொடங்கி ஏப்ரல் மாதம் வரை, காலைத் திருப்பலி முடிந்ததும் பனைமர நிழலிலிருந்து அதைத் தொலைநோக்கியால் கவனித்து வந்தோம்.

முதற்கூட்டில் நான்கு முட்டைகள் இருந்தன. டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. அப்புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் எவ்வாறு நீரில் ஆழ்த்தியது என்பதை வாசகர் அறிவர். குப்பத்தில் வலைகள் போயின, படகுகள் சேதமுற்றன, வீடுகளுக்குள் நீர் நின்றது. குளம் ஒரே இரவில் கரையளவு ஏறியது. மழை வெறித்தபின் பார்த்தபோது கோரையின் நுனி மட்டுமே வெளியில் தெரிந்தது. கூடு இருந்த சுவடே இல்லை. அந்த வாரங்களிலேயே, நமக்குத் தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, கூழைக்கடாக்களின் இறகெல்லாம் கருமை படிந்தது. வானத்தின் வெள்ளமும் மனிதனின் கழிவும் ஒருசேர வந்த மாதம் அது.

பறவைகள் துக்கம் காத்தனவா என்பதை நாம் அறியோம். நீர் வடியத் தொடங்கியதும் அவை மறுபடியும் பாசி இழுக்கத் தொடங்கின என்பதை அறிவோம். சனவரி முதல் வாரத்தில் இரண்டாம் கூட்டில் மீண்டும் நான்கு முட்டைகள். பொங்கல் வந்தது. காணும் பொங்கலன்று பழவேற்காட்டிற்குத் திரளும் கூட்டத்தில் ஒரு பகுதி குளக்கரைக்கும் வந்தது. எவரும் தீங்கு செய்ய எண்ணவில்லை. சிறுவர் சிலர் நீரில் கல்லெறிந்து விளையாடினர். குடும்பங்கள் கரையில் அமர்ந்து உண்டன. கூட்டில் இருந்த பறவை மிரண்டு இறங்கியது; வழக்கமாக இழுத்துவிடும் பாசித் துணுக்குகளை அன்று இழுக்கவில்லை. மூடாத முட்டைகள், மிச்சச் சோற்றுக்காகக் காத்திருந்த காக்கைகளின் கண்ணில் பட்டன. கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

பிப்ரவரித் தொடக்கத்தில் மூன்றாவது கூடு. இம்முறை மூன்றே முட்டைகள். அப்போதுதான் உண்மையான சிக்கல் எழுந்தது.

அவ்வாண்டு குளத்து மீனை ஏலம் எடுத்திருந்தவர் கணவரை இழந்த ஒரு மீன்கார அம்மையார். கூடை சுமந்து விற்றே இரு பெண்களைக் கரையேற்றியவர். மகளிர் குழுவில் கடன் வாங்கி ஏலத்தின் முதல் தவணையைக் கட்டியிருந்தார். 2024ஆம் ஆண்டு திருநீற்றுப் புதன் பிப்ரவரி 14ஆம் நாள் வந்தது. தவக்காலத்தில் நம் குடும்பங்களில் புலால் குறைந்து மீன் கேட்பார் மிகுவர் என்பதை விற்பவர் அறியாமலிருப்பரோ? அந்த வாரமே இழுவலை போட்டுக் குளத்தை ஒரு முறை அரித்துவிடுவது அவருடைய திட்டம். இழுவலை குளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை தரையோடு வாரிக்கொண்டு வரும். கோரையும் மிஞ்சாது, கூடும் மிஞ்சாது.

ஒரு பக்கம் மூன்று முட்டைகள். மறுபக்கம் வட்டி ஏறும் கடன். இயற்கையைப் பேணுக என்று மேடையில் சொல்வது எளிது. அதற்கான விலையைச் சொல்பவர் கொடுப்பதில்லை. பெரும்பாலும் கேட்பவருள் மிக ஏழையே கொடுக்கிறார். பறவைக்கு இரங்கி, விதவையின் வயிற்றில் அடிப்பதை எந்த அறமும் ஏற்காது. விதவைக்கு இரங்கும்போது பறவையை மறந்துவிடுவதும் எளிதே. அந்த ஞாயிறு மாலை ஊர்க்கூட்டத்திற்குச் செல்லும்போது இவ்விரண்டையும் ஒருசேரத் தாங்கும் சொல் நம்மிடம் இல்லை.

கூட்டத்தில் நாம் கண்டவற்றைக் கண்டவாறே சொன்னோம். முதற்கூடு புயலில் போனதையும், இரண்டாவது காக்கைக்கு இரையானதையும், மூன்றாவது இப்போது அடைகாப்பில் இருப்பதையும் சொல்லி அமர்ந்தோம். "ஒரு குருவிக்காகவா?" என்று இளைஞர் ஒருவர் சிரித்தார். முதியவர் ஒருவர் மட்டும், "போன மழையில நம்ம வலையும் போச்சு, அதுங்க கூடும் போச்சு" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பின் சற்று அமைதி நிலவியது. அம்மையாரே அதைக் கலைத்தார்.

"ஏன் சாமி, அது குஞ்சு பொரிக்க எத்தினி நாளாவும்?"

"இருபத்தொரு நாள் ஆகும் அம்மா. அதில் ஐந்தாறு நாள் ஏற்கெனவே கழிந்துவிட்டது."

"அப்போ கோழி மாதிரிதான்னு சொல்லுங்க" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அடைக்கு வெச்ச கோழிய எவளாவது கூடையோட தூக்கி வெளிய போடுவாளா? வடக்கால பாதியில வீச்சு வலை போட்டுக்கறேன். தெக்கால பாதிய அப்பால பாத்துக்கலாம். ஆனா ரெண்டாந் தவணைய இப்பவே கேக்காதீங்க" என்றார்.

பேச்சு அத்துடன் முடிந்தது. நாம் தேடிய சொல் நம் நூல்களில் இல்லை. அவருடைய கோழிக்கூடையில் இருந்தது. ஊரார் இரண்டாம் தவணையை உயிர்ப்புப் பெருவிழா வரை தள்ளி வைத்தனர். குளத்தின் நடுவே மூங்கில் நட்டு ஒரு கயிறு கட்டினர். வீச்சு வலையில் கிடைப்பது இழுவலையில் கிடைப்பதைவிடக் குறைவு. விலை நன்றாக இருந்த அந்த மூன்று வாரங்களில் அவருக்கு இழப்பு நேர்ந்தது உண்மை. ஊர் அதில் ஒரு பங்கைத்தான் ஏற்றது. எஞ்சியதை அவரே சுமந்தார்.

இதைப் பின்னர் எண்ணிப் பார்த்தபோது, அவ்வூர் மக்கள் அன்று புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது புலனாயிற்று. காத்திருப்பது அவர்கள் வாழ்வின் ஒழுங்கு. கோட்டைக்குப்பம் முதலிய ஏரிக்கரை ஊர்களில் 'பாடு' என்னும் முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஏரியின் எந்த இடத்தில், எந்த நாளில், எவர் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. அம்முறைக்குள் இடம் பெறாதவர்களின் மனக்குறையும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும், கண்ணெதிரே மீன் துள்ளினாலும் இன்று என் முறையன்று என்று கைகட்டி நிற்கும் பயிற்சியை அது தலைமுறைகளுக்குத் தந்திருக்கிறது. கடலிலும் அவ்வாறே. மீன்கள் இனம் பெருக்கும் பருவத்தில் விசைப்படகுகள் தொழிலுக்குச் செல்லலாகாது என்னும் தடை 2001 முதல் தமிழகத்தில் நடப்பில் உள்ளது. தொடக்கத்தில் 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாளாயிற்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை. அந்நாள்களுக்கு அரசு நிவாரணம் அளிப்பதன் பொருள் என்ன? காத்திருப்பின் செலவைக் காத்திருப்பவர் மீதே முழுவதும் சுமத்தலாகாது என்பதுதானே?

நம் நாட்டில் வேறு ஊர்களும் இப்பாடத்தை அறிந்திருக்கின்றன. வேடந்தாங்கல் மக்கள், தங்கள் ஏரிப் பறவைகளை வெள்ளையர் சுட்டு வீழ்த்துவதைத் தடுக்க வேண்டுமென்று கேட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் செங்கற்பட்டுப் பகுதியின் ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் உரிமைச் சீட்டுப் பெற்றனர் என்பது வரலாறு. அவர்களுக்கு அதில் ஆதாயமும் இருந்தது; பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதைத் தவிர்த்து வருகின்றனர். அதே மாவட்டத்துப் பொத்தக்குடியில், 2020ஆம் ஆண்டு, தெருவிளக்குகளை இயக்கும் மின்பெட்டிக்குள் ஒரு சிறு குருவி கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. குஞ்சுகள் பறக்கும் வரை ஒரு மாதத்திற்கு மேலாக அவ்வூரார் தெருவிளக்கை ஏற்றாமல் இருளில் நடந்தனர். இவர்கள் பறவை நூல் பயின்றவர்களல்லர். தங்களுக்கு உரியதைச் சிறிது காலம் தள்ளிவைக்கத் தெரிந்தவர்கள்.

திருநூலிலும் கூட்டைப் பற்றிய ஒரு சட்டம் உண்டு. நாம் பெரும்பாலும் கவனியாமல் கடந்துவிடுவது. இணைச் சட்டம் 22ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. வழியில் பறவைக்கூட்டைக் காண்பவன் குஞ்சுகளோடு தாயையும் சேர்த்து எடுக்கலாகாது. தாயைப் போகவிட வேண்டும் என்பது அதன் கருத்து. அச்சட்டம் பசித்தவனைப் பார்த்து ஒன்றையுமே தொடாதே என்று சொல்லவில்லை. எடுப்பதற்கு ஓர் எல்லை வைக்கிறது. நாளைக்கும் கூடு இருக்கும்படி எடு என்கிறது. வியப்பு எதுவெனில், அதைக் கடைப்பிடிப்பவனுக்கு அளிக்கப்படும் வாக்குறுதி. நலமும் நீண்ட வாழ்நாளும் அவனுக்கு உண்டாகும் என்கிறது. பெற்றோரை மதித்து நடப்பவருக்குப் பத்துக் கட்டளைகளில் அளிக்கப்பட்ட அதே வாக்குறுதி! யூத அறிஞர்கள் இதனைக் கட்டளைகளுள் மிக எளிதானவற்றில் ஒன்றாக எண்ணினர். மிக எளிய கட்டளைக்கும் மிகப் பெரிய கட்டளைக்கும் ஒரே பரிசு வைத்தவர், சிறியதைச் சிறியதென்று கருதவில்லை போலும்.

சிறியதைச் சிறியதென்று கருதியதால் நேர்ந்த இழப்புக்கும் சான்று உண்டு. மடகாசுகர்த் தீவில் அலவோத்ரா என்னும் ஏரி இருக்கிறது. நம் முக்குளிப்பானின் நெருங்கிய உறவினமான ஒரு பறவை அந்த ஏரியைச் சார்ந்தே வாழ்ந்தது. நெடுந்தொலைவு பறக்கும் வலிமை அதற்கில்லை. ஆகவே வேறு புகலிடமும் இல்லை. ஏரியில் புதிதாகக் கொண்டுவந்து விடப்பட்ட, பிற உயிர்களைத் தின்னும் மீன்கள் ஒரு காரணம். கண்ணுக்குப் புலப்படாத நைலான் செவுள் வலைகளில் சிக்கி மூச்சுத் திணறி மாண்டது மற்றொரு காரணம். எஞ்சியவை பொதுவான முக்குளிப்பான்களோடு கலந்து தம் இனத் தன்மையை இழந்தது வேறொன்று. 2010ஆம் ஆண்டில் அவ்வினம் அற்றுப்போனதென்று உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அந்த வலைகளைக் கட்டியவர்கள் கொடியவர்களல்லர். நம் குப்பத்து மக்களைப் போலவே பிள்ளைகளுக்குச் சோறு தேடியவர்கள். எவரும் அப்பறவையை வெறுத்ததால் அது அழியவில்லை. அதற்கென்று ஒரு மூலையும் சில வாரங்களும் ஒதுக்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றாமல் போனதும் அவ்வழிவில் ஒரு பங்கு.

நம் குளத்தில் நடந்தது என்ன என்று கேட்பீர்கள். மார்ச் முதல் வாரத்தில் இரண்டு குஞ்சுகள் வெளிவந்தன. மூன்றாவது முட்டை பொரியவில்லை. தலையில் கோடு கோடாக வரியிட்ட, கட்டைவிரல் அளவேயான உயிர்கள். பிறந்த சிறிது நேரத்திலேயே தாயின் முதுகில் ஏறிச் சிறகுக்குள் புதைந்துகொண்டன. சிறகின் இடுக்கிலிருந்து இரு சிறு தலைகள் மட்டும் வெளியே தெரிந்தன. தந்தை பூச்சிகளைப் பிடித்து வந்து அந்தத் தலைகளுக்கு ஊட்டியது. அந்நாளில் அம்மையாரையும் அழைத்துச் சென்று தொலைநோக்கியில் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். "முதுகுல தூக்கிக்கிட்டே முழுவுதே, பாவம்" என்று மட்டும் சொன்னார். நான்காம் நாள் ஒரு குஞ்சைக் காணவில்லை. விராலோ, நீர்ப்பாம்போ, பருந்தோ, எது கொண்டுபோயிற்று என்பதை எவரும் பார்க்கவில்லை. மற்றது வளர்ந்தது. மாசி முடிந்து பங்குனியும் கழியும் தறுவாயில், தானே முக்குளித்துத் தானே இரை தேடத் தொடங்கியது. சித்திரை வெயிலில் குளம் சுருங்கியபோது ஓரிரவில் மூன்றும் எங்கோ பறந்து போயின.

மூன்று கூடுகள், பதினொரு முட்டைகள், ஒரு பறவை. இக்கணக்கைக் கண்டு மனம் சோர்வதுண்டு. இதற்காகவா இவ்வளவும் என்று தோன்றுவதுண்டு. ஆனால் வெள்ளமும் பாம்பும் பருந்தும் எடுத்துக்கொண்டவை இப்பறவை தொன்றுதொட்டுச் செலுத்தி வரும் வரி. அதைச் செலுத்தியும் அதன் இனம் நிலைத்திருக்கிறது. அவ்வரிக்கு மேல் நாம் கூடுதலாக விதிப்பதைத்தான் அதனால் தாங்க முடிவதில்லை. நாம் விதிப்பது பெரும்பாலும் பகையால் அன்று. ஒரு விடுமுறை நாளின் களிப்பால், ஒரு வலையின் வசதியால், இரண்டு வாரம் பொறுக்க இயலாத கடனின் நெருக்கடியால்.

ஆகவே பறவைகள்பால் அன்பு காட்டுங்கள் என்று மட்டும் சொல்லி இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. அன்பு நம்மிடம் குறைவில்லை. அன்புக்கு ஆகும் செலவை எவர் தலையில் கட்டுகிறோம் என்பதே வினா. ஏரியைச் சரணாலயம் என்று அறிவிக்கும்போதும், கடலுக்குத் தடை விதிக்கும்போதும், மரம் வெட்டாதே, மணல் அள்ளாதே என்று சொல்லும்போதும், அதனால் ஒரு வேளை உணவை இழப்பவர் யார் என்று கேட்டு, அந்த இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஊரிலேதான் கூடும் நிலைக்கும், குடும்பமும் நிலைக்கும். இழப்பு முழுவதையும் ஒரு விதவையின் கூடையில் ஏற்றிவிட்டு, மற்றவர்கள் குஞ்சைக் கண்டு மகிழ்வது நேர்மையாகாது.

2025ஆம் ஆண்டுக் குளத்து ஏலத்தின்போது நாம் ஒன்றும் பேசவில்லை. பேசத் தேவையும் எழவில்லை. ஏலத்தின் நிபந்தனைகளை உரக்கப் படித்தவர், தென்பாதியில் மாசி முடியும்வரை வலையிறங்கலாகாது என்றும், அதற்காக ஏலத் தொகையில் நாலில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வதென ஊர் முடிவு செய்திருக்கிறது என்றும் படித்தார். அக்குறைவு ஊர்ப் பொதுப்பணத்தில் விழும். அதாவது, ஒவ்வொரு வீட்டின் மீதும் சிறிது சிறிதாக விழும். முன்னர்ச் சிரித்த அந்த இளைஞரும் அங்கே இருந்தார். எவரும் மறுப்புச் சொல்லவில்லை. படித்தவர் தாளை மடித்துவிட்டு அடுத்த நிபந்தனைக்குப் போனார்.